வாயைக் கட்டினால் போதாதா?



காரைக்குடியிலிருந்து ஒரு தாய் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருப்பதால், செய்தியை மட்டும் சுருக்கித் தருகிறோம்.

"என் மூத்த மகளுக்கு வயது 36. இரு குழந்தைகளின் தாய். உயரம் 155 சென்டிமீட்டர். எடை 118 கிலோ. எட்டு ஆண்டுகளாக நீரிழிவு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முழங்கால் வலியால் கோயிலில் முழந்தாளிட முடிவதில்லை. பட்டினி கிடந்தும், நடந்தும், விளம்பரத்தில் கண்ட பொடிகளைக் கரைத்துக் குடித்தும் பார்த்துவிட்டாள். இளைத்ததெல்லாம் ஓராண்டுக்குள் திரும்பிவிடுகிறது. மதுரையிலுள்ள மருத்துவர், இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்கிறார். மருமகனுக்குச் சம்மதம். சம்பந்தியம்மாளோ, 'வாயைக் கட்டினால் போதாதா? வயிற்றை வெட்டுவானேன்?' என்கிறார்கள். தை மாதத்தில் என் இளைய மகனுக்குத் திருமணம். அதற்கு முன் சிகிச்சை நடந்தால் பந்தியில் இவள் எப்படி உட்காருவாள்? உறவினருக்கு என்ன சொல்வோம்? எல்லாவற்றுக்கும் மேலாக, இது சரிதானா என்றே என் மனம் கலங்குகிறது."

அன்புத் தாயே, தங்கள் கலக்கம் நியாயமானதே. தங்கள் சம்பந்தியம்மாள் கேட்ட கேள்வியும் ஒதுக்கித் தள்ளத்தக்கதன்று. நம் ஊர்களில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பதைத்தான் அவர்கள் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

குற்றமா, நோயா?

சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழு என்று மனப்பாடம் செய்தோம். அவற்றுள் போசனப்பிரியமும் ஒன்று. அதனாலோ என்னவோ, பருத்த உடலைக் கண்டவுடன் அதற்குரியவர் போசனப்பிரியர் என்று நாமே தீர்ப்பெழுதிவிடுகிறோம். உண்மை அவ்வளவு எளிதன்று. ஒரே வீட்டில் ஒரே பானைச் சோற்றை உண்டு வளரும் உடன்பிறந்தாருள் ஒருவர் மெலிந்தும் ஒருவர் பருத்தும் இருப்பதைக் காண்கிறோம் அல்லவா? பரம்பரை, சுரப்பிகள், சில மருந்துகள், உறக்கக் குறைவு, மனச்சுமை, உட்கார்ந்தே செய்யும் வேலை ஆகியன யாவும் இதில் பங்கு பெறுகின்றன.

இன்னொன்றும் உண்டு. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தவரின் உடல், பஞ்சம் வந்துவிட்டதென்றே எண்ணுகிறது. பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது. உடல் செலவிடும் ஆற்றல் குறைகிறது. உணவுக் கட்டுப்பாட்டால் இளைத்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும், அவர்களுடைய பசிச் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2011-இல் எடுத்துக்காட்டினர். தங்கள் மகள் இளைத்ததெல்லாம் திரும்பி வந்ததற்கு இதுவே பெருங்காரணம். அவள் வாயைக் கட்டாமல் இல்லை. கட்டிய வாயோடு அவளுடைய உடலே போரிட்டிருக்கிறது.

இந்நிலை அரிதானதுமன்று. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 40 பேர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். ஆண்களுள் 37 பேர். 2015–16-இல் இவ்வெண்கள் முறையே 31, 28 ஆக இருந்தன.

எனினும், சம்பந்தியம்மாளின் சொல்லில் உண்மை இல்லாமலும் இல்லை. பத்துப் பதினைந்து கிலோ மிகுந்திருப்பவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடும் நடையுமே முதல் மருந்து. அவர்கள் அறுவையைப் பற்றி எண்ணவே வேண்டியதில்லை. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கிய தொகையால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீடு. தங்கள் மகளுக்கு அது ஏறத்தாழ 49. உலகளாவிய மருத்துவச் சங்கங்கள் 2022-இல் திருத்திய நெறிகளின்படி, 35-க்கு மேற்பட்டவர்களுக்கு இவ்வறுவையைப் பரிந்துரைக்கலாம். ஆசிய மக்களுக்கு 27.5-க்கு மேலேயே இதை ஒரு வழியாக எடுத்துரைக்கலாம். ஆதலால் மதுரை மருத்துவர் சொன்னது மிகைப்பட்ட யோசனையன்று.

இப்போது ஊசி மருந்துகளும் வந்துள்ளன. 2025 மார்ச்சில் டிர்செபடைடும், ஜூனில் எடைக் குறைப்புக்கான செமாகுளுடைடும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. பலருக்கு நல்ல பயன் தருகின்றன. ஆனால் நிறுத்தினால் பெரும்பாலோர்க்கு எடை திரும்புகிறது. இவை தங்கள் மகளுக்கு ஏற்றவையா என்பதையும் முடிவு செய்யுமுன் மருத்துவரிடம் கேட்டறிவது நலம்.

என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்னும் அறுவை மருத்துவர், குடற்புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை இழந்தவர்கள் இளைத்துப் போவதைக் கவனித்தார். அதையே பருமனுக்கு மருந்தாக்க 1966-இல் முயன்றார். 1990-களில் வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் முறை வந்தது.

இன்று மிகுதியாகச் செய்யப்படுபவை இரண்டு. ஒன்று, இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை அகற்றி, எஞ்சியதை வாழைக்காய் போன்ற குழாயாக்குவது. பசியைத் தூண்டும் சுரப்பில் பெரும்பங்கு அகற்றப்படும் பகுதியிலிருந்தே வருவதால் பசியும் தணிகிறது. அகற்றியதைத் திரும்ப வைக்க இயலாது. மற்றொன்று, இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைத்து, உணவுக்கு மாற்றுப் பாதை அமைப்பது. இவ்விரண்டாம் முறையில் பலருக்கு எடை குறையுமுன்னே, சில நாட்களிலேயே, சர்க்கரை இறங்கத் தொடங்குகிறது. ஆயினும் நீரிழிவு எல்லார்க்கும் முற்றிலும் நீங்கிவிடும் என்று எண்ணலாகாது. நெடுநாள் நோயுற்றவர்களுக்கு வாய்ப்புக் குறைவு.

பயனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடன் நாட்டில் 1987-இல் தொடங்கிய ஆய்வில், அறுவை செய்துகொண்ட 2,010 பேரும், செய்துகொள்ளாத பருமனான 2,037 பேரும் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். 2007-இல் முடிவு வெளியானபோது, முதற்குழுவில் 101 பேரும் இரண்டாம் குழுவில் 129 பேரும் இறந்திருந்தனர். மாற்றுப் பாதை அமைத்துக்கொண்டவர்கள் பத்தாண்டுக்குப் பின்னும் தம் பழைய எடையில் கால் பங்கு குறைந்தே இருந்தனர்.

ஆபத்து இல்லையா என்றால், உண்டு. தையலிட்ட இடத்தில் கசிவு, குருதிப் போக்கு, கால் இரத்தக் குழாயில் உறைகட்டி நுரையீரலை அடைதல் ஆகியவை அஞ்சத்தக்கவை. தேர்ந்த நிலையங்களில் உயிரிழப்பு ஆயிரத்துக்கு ஒருவர் இருவர் என்ற அளவில்தான். எனினும் அந்த ஒருவரும் ஒரு வீட்டின் பிள்ளையே. 2024 ஏப்ரலில் சென்னைப் பகுதித் தனியார் மருத்துவமனை ஒன்றில் இவ்வறுவைக்காகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்த செய்தியை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். மலிவான கட்டணத்தைக் கண்டு இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இவ்வறுவையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே உண்டா, மயக்க மருந்து வல்லுநர் எப்போதும் இருப்பாரா, நெருக்கடி நேர்ந்தால் என்ன ஏற்பாடு என்று நேரில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

ஆயத்தம்

அறுவை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆயத்தம் சில வாரங்களாவது நடைபெற வேண்டும். இரத்தச் சர்க்கரை, இதயம், தைராய்டு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவற்றைச் சோதிப்பார்கள். இரும்புச் சத்தும் பி12, டி வைட்டமின்களும் முன்பே குறைந்திருந்தால் சரிசெய்வார்கள். உணவு வல்லுநரையும் மனநல ஆலோசகரையும் காணச் சொல்வார்கள். 'எனக்கென்ன பைத்தியமா?' என்று இதை மறுக்க வேண்டாம். துயரம் வந்தால் தின்பண்டத்தைத் தேடுவது மகளின் வழக்கமாயிருந்தால், அந்த ஆறுதல் பறிபோகப் போகிறது என்பதை அவள் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

அறுவைக்கு முந்திய இரு வாரங்களில் மாவுச் சத்தைக் குறைத்த உணவு தருவார்கள். கொழுப்பேறி வீங்கிய ஈரல் இதனால் சுருங்கி, மருத்துவரின் கைக்கு இடம் தரும். அப்போதே சில பழக்கங்களைத் தொடங்கிவிடுவது நல்லது. சிறு தட்டில் உண்பது, ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது முறை மெல்லுவது, உணவோடு நீர் அருந்தாமலிருப்பது ஆகியவை அவை. செம்பை உயர்த்தி அண்ணாந்து மடமடவென்று குடிப்பது நம் பக்கத்து வழக்கம். இனி அவள் வாய் வைத்துச் சிறுகச் சிறுகப் பருக வேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவக் காப்பீடு இருந்தால் அதன் விதிகளைப் படித்துப் பாருங்கள். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மேம்பாட்டு ஆணையம் 2019-இல் வகுத்த நெறியின்படி, 18 வயது நிறைந்து, மருத்துவரின் பரிந்துரையும் பெற்று, உடல் நிறைக் குறியீடு 40-ம் அதற்கு மேலும் உள்ளவர்களை, எடைக் குறைப்பு என்ற காரணம் காட்டி மட்டும் ஒதுக்கலாகாது. 35-க்கு மேற்பட்டு, கட்டுப்படாத நீரிழிவு, கடுமையான இதய நோய் போன்றவை உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். காத்திருப்புக் காலம் போன்ற மற்ற விதிகளையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுக்களையில் மாற்றம்

பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் வீடு திரும்பிவிடலாம். முதல் இரு வாரங்கள் நீராகாரமே: வடித்த பருப்புத் தண்ணீர், நீர் மோர், வடிகட்டிய காய்கறிச் சாறு, பின்னர் ஆடை நீக்கிய பால். அடுத்த வாரங்களில் குழைய மசித்தவை: பருப்பு, தயிர், நன்கு வெந்த முட்டை. அதன்பின் மென்மையான மீன், இடியாப்பம், இட்லி. ஆறு முதல் எட்டு வாரங்களில் வீட்டு உணவுக்குத் திரும்பலாம். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் முறையை எழுதித் தரும், அதையே பின்பற்றுக. 'ஒரு வாய்தானே' என்று முந்திக்கொள்வது தையலுக்குக் கேடு.

வீட்டு உணவு என்றாலும் வரிசை மாறுகிறது. நம் இலையில் சோறே அரசன். மற்றவை அதற்குத் துணை. இனி மகளின் தட்டில் முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் முதலில், அடுத்துக் காய்கறி, இடமிருந்தால் இறுதியில் சோறு. நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் உண்டு என்றால் கணக்கு விளங்கும். ஒரு வேளைக்கு அரைக் கிண்ணமே கொள்ளுமாதலால், வெறும் சோற்றுக்கும் இட்லிக்கும் இடங்கொடுத்தால் உடல் தசையை இழந்து சோர்ந்துவிடும். நீர் அருந்துவதும் உணவுக்கு அரை மணி நேரம் கழித்தே.

அதிரசம், கந்தரப்பம், பால் பணியாரம், கவுனி அரிசி ஆகிய நம் பலகாரங்களிடம் எச்சரிக்கை வேண்டும். மாற்றுப் பாதை அமைத்தவர்கள் இனிப்பை உண்டால், அது விரைந்து குடலில் இறங்கி, நெஞ்சு படபடத்து, வியர்த்து, தலை சுற்றி, வயிற்றுப்போக்கும் உண்டாகலாம்.

வைட்டமின், இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. நன்றாயிருக்கிறோமே என்று நிறுத்தியவர்களுக்குச் சோகையும், எலும்பு நலிவும், நரம்புத் தளர்ச்சியும் வருகின்றன. விடாத வாந்தி, காய்ச்சல், மிகுந்த வயிற்று வலி, படபடப்பு இவற்றுள் எது வந்தாலும் கைமருந்து பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க. நீரிழிவு மாத்திரைகளின் அளவை மருத்துவர் விரைவில் குறைப்பார். பழைய அளவிலேயே விழுங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். மூட்டு வலிக்குக் கடையில் தாமே மாத்திரை வாங்கி விழுங்குவதும் கூடாது. புதிய இரைப்பையில் புண் உண்டாக்கும். மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் தலைமுடி கொட்டும். பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். இளம் பெண்கள் இன்னொன்றும் அறிய வேண்டும். எடை குறையும்போது கருவுறும் வாய்ப்புக் கூடுகிறது. ஆனால் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிக்காமலிருப்பதே தாய்க்கும் சேய்க்கும் நல்லது. இதைக் கணவனும் மனைவியும் முன்பே மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும்.

தவக்காலம் வந்தால் ஒருசந்தி பிடிக்கலாமா என்று மகள் கேட்கக்கூடும். நோயுற்றோரை ஒருசந்தி கட்டுப்படுத்துவதில்லை. வேளை தவறாமல் சிறிது சிறிதாக உண்பதே அவளுக்கு மருந்து. ஐயமிருந்தால் பங்குத்தந்தையிடம் கேட்டு மன அமைதி பெறலாம்.

மனமும் இல்லமும்

உடல் மாறும் வேகத்துக்கு மனம் ஈடுகொடுப்பதில்லை. முதல் ஓராண்டு எடை வேகமாக இறங்கும்; இடையிடையே சில வாரங்கள் அசையாமல் நிற்கும். இரண்டாண்டுக்குப் பின் சில கிலோ திரும்புவதும் இயல்பே. அதைத் தோல்வி என்று எண்ணி மருத்துவரிடம் போகக் கூசுவதுதான் உண்மையான தோல்வி. தோல் தொங்கும், முகம் வாடியதாய்த் தோன்றும். 'என்ன இப்படித் தேய்ந்துவிட்டாய், ஏதும் சீக்கா?' என்று நம் தெருக்கள் கேட்காமல் விடுமா? யாரிடம் எதைச் சொல்வது என்பது அவளுடைய உரிமை. 'வைத்தியம் நடக்கிறது, நலமாயிருக்கிறேன்' என்ற ஒரே பதிலை வீட்டார் எல்லாரும் சொன்னால் போதும்.

சிலருக்கு மனச்சோர்வு தலைகாட்டும். உணவில் தேடிய ஆறுதலை மதுவில் தேடத் தொடங்கும் ஆண்களும் உண்டு. அறுவைக்குப் பின் மது மிக விரைவில் தலைக்கேறும். இல்லறமும் சோதனைக்குள்ளாகிறது. ஸ்வீடனில் 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அறுவை செய்துகொண்டவர்களுள் தனித்திருந்தோர் பலர் புதிதாக இல்லறம் புகுந்ததும், இணைந்திருந்தோருள் பிரிவுகள் கூடியதும் தெரிய வந்தன. ஒருவர் மாறும்போது மற்றவர் பழைய இடத்திலேயே நின்றால் இடைவெளி தோன்றத்தான் செய்யும். மருமகன் சம்மதித்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கையொப்பமிடுவதோடு அவர் கடமை முடியாது. மாலை நடைக்கு மனைவியோடு அவரும் புறப்படட்டும். இரவு உணவை வீட்டார் அனைவருமே முன்னதாக, அளவாக உண்ணட்டும்.

செட்டிநாட்டில் அன்பை இலையில்தான் அளக்கிறோம். 'இன்னும் ஒரு கரண்டி' என்று வற்புறுத்தாத வீட்டை உபசாரமறியாத வீடென்று சொல்லிவிடுவோம். 'போதும்' என்று விருந்தினர் கைநீட்டித் தடுத்தாலும், விரலிடுக்கு வழியே பரிமாறிவிடுவது நமக்குப் பெருமை. இவ்வறுவைக்குப் பின் ஒரு பெண்ணுக்கு மிகவும் தேவைப்படும் சொல் அந்தப் 'போதும்' தான். அவள் அதைச் சொன்ன பிறகு விழும் ஒவ்வொரு கரண்டியும் வலியாகவும் வாந்தியாகவும் திரும்பும். மருத்துவர் இரைப்பையைச் சிறிதாக்கித் தருவார். அவள் சொல்லும் 'போதும்' செல்லுபடியாகும் வீட்டை நாம்தான் அமைத்துத் தர வேண்டும்.

இனி தங்கள் கேள்விகளுக்கு வருவோம். இது சரிதானா என்றால், மருத்துவக் கணக்கில் தங்கள் மகள் இதற்கு உரியவளே. ஆயினும் முடிவு அவளுடையதாய் இருக்க வேண்டும். திருமணப் பந்திக்கு முகங்கொடுக்க வேண்டுமே என்ற அவசரமும் வேண்டாம், அச்சமும் வேண்டாம். ஆயத்தம் முடியாவிட்டால் தைக்குப் பின் செய்துகொள்ளட்டும். ஐப்பசியிலேயே முடிந்துவிட்டால், தையில் வீட்டு உணவு உண்ணத் தொடங்கியிருப்பாள். மற்றவரோடு பந்தியில் அமரலாம். சிறு இலை ஒன்று போட்டு, ஒரு முட்டை, முள் நீக்கிய ஒரு துண்டு மீன், ஒரு கரண்டி தயிர் வையுங்கள். அவள் மெல்ல மென்று உண்டு முடிக்க அரை மணி நேரமாகும். அதுவரை யாரும் அவளை எழுப்பவோ அவசரப்படுத்தவோ வேண்டாம்.

அந்த இலைக்குப் பரிமாறும் பொறுப்பைச் சம்பந்தியம்மாளிடமே கொடுத்துவிடுங்கள். 'வயிற்றை வெட்டுவானேன்' என்று அவர்கள் கேட்டதும் மருமகள் மீதுள்ள அக்கறையால்தானே? பெரியவர்கள் அருகில் நிற்கும்போது வேறெவரும் கரண்டியோடு நெருங்க மாட்டார்கள். மருமகள் 'போதும் அத்தை' என்றதும், 'சரியம்மா' என்று அவர்கள் பாத்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டால், அதைப் பார்த்துப் பந்தியிலுள்ள மற்றவர்களும் கற்றுக்கொள்வார்கள்.